ஒழுங்கா ஆடு

வாசலில் அழகிரி நிற்பதைப் பார்த்ததும் ரோசரி சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

அவள் கணவன் கிளமென்ட்டும் அழகிரியும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். ஷிப்ட் முடிந்தால் இந்தக் கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முன்னறையில் கேரம் ஆடுவார்கள். பத்து வருஷப் பழக்கம்.

ஒரு மாதமாக அழகிரி வரவில்லை. கிளமென்ட் வேலைக்கே போகவில்லை.

"போர்டை எடும்மா" என்றார் அழகிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளேயிருந்து வந்த கிளமென்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காய்களை அடுக்கிப் பவுடர் தூவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழகிரி ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார்.

முதல் ஆட்டத்தில் கிளமென்ட் தோற்றார். குழியின் ஓரத்தில் நின்ற காயைக்கூடப் போடவில்லை.

இரண்டாவதிலும் அப்படியே ஆடவும், அழகிரி ஸ்ட்ரைக்கரை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"பஸ்ல எழுந்து எடம் குடுக்கறாங்க. ஃபோர்மேன் என்னைத் திட்டறதே இல்ல. நீயும் அப்படிப் பண்ணாத. ஒழுங்கா ஆடு."

கிளமென்ட் ஆடினார். சிவப்புக் காயைப் போட்டார், அதற்கு ஃபாலோவும் போட்டார். அழகிரிக்கு ஒரு காய்தான் விழுந்தது.

அடுத்த ஆட்டத்தில் கிளமென்ட்டின் கை கோட்டைத் தாண்டிவிட்டதாக அழகிரி சண்டை பிடித்தார். இல்லவே இல்லை என்றார் கிளமென்ட். இருவரும் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள்.

காபி போட்டுக்கொண்டிருந்த ரோசரி அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டாள். அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் குரலை உயர்த்தியிருக்கவில்லை.

அந்த ஆட்டத்திலும் அழகிரி தோற்றார். முகம் சிவந்திருந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கும் வரேன். நான் இங்க வந்தது பையனோட அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஒம் பேரையே எடுக்க விடமாட்டேங்கறா."

அவர் தெருமுனை திரும்பும்வரை கிளமென்ட் வாசலில் நின்றார்.

போன மாதம் காவிரிப் பாலத்தருகே லாரி மோதியபோது லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை ஓட்டியது கிளமென்ட்தான். பின்னால் உட்கார்ந்திருந்து இறந்துபோனவன் அழகிரியின் ஒரே மகன்.

இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டது, பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், கிளமென்ட்டோடு ஸ்கூட்டரில் போ என்று மகனை ஏற்றி அனுப்பியது அழகிரி.

மனைவியிடம் அதை அவர் இன்னும் சொல்லவில்லை. கிளமென்ட்டும் யாரிடமும் சொல்லவில்லை.