சொல்லிக்கொள்ளாமல்

அன்று வீடு கொள்ளாத கூட்டம். வந்த யாரையும் அவள் "வாங்க" என்று அழைக்கவில்லை, கிளம்பியவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. இனி இந்தப் படியை யார் மிதிப்பார்கள் என்பதே அவள் கவலை.

கணவரோடு ஓட்டலில் வேலை பார்த்த வெளிநாட்டுச் சமையல்காரர் அவள் முன்னால் வந்து நின்று, "போயிட்டு வரேன் அக்கா" என்றார்.

நாத்தனார் பதறினாள். "ஐயையோ, சாவு வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதுப்பா! வாயைத் திறக்காம கிளம்பணும்."

"'போறேன்'னா தப்புன்னு அண்ணன்தானே சொல்லிக்குடுத்தாரு?"

"பாடத்தைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டானா என் தம்பி!"

முறை தெரிந்த சொந்தங்கள் அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. சமையல்காரர் வாரம் தவறாமல் வருகிறார், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். கிளம்பும்போது மட்டும், நாத்தனார் சொன்னபடி, இன்றுவரை வாய் திறப்பதில்லை.