நடவடிக்கை

இணையத்தில் அரசைத் திட்டுகிறவர்களை ரகசியமாகக் கண்காணிப்பதுதான் பூங்கோதைக்கு வேலை. அவள் பட்டியலிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சவரிமுத்து, நெஞ்சு வலிக்கிறது என்று எழுதியதோடு சரி. நான்கு நாளாக ஒரு வரிகூட இல்லை. கூப்பிட்டு விசாரிக்கவும் வழியில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு போட்டிருந்தார்: "முப்பது வருஷம் கடுதாசி கொடுத்தேன். ஒருத்தர் கடுதாசியையும் பிரிச்சதில்ல. என் போனை ஒளிஞ்சிருந்து படிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்பத் திட்டியிருக்காரா மேடம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "நல்லாவே திட்டியிருக்காரு சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைய அறிக்கையில், எடுக்க வேண்டிய நடவடிக்கை என்ற கட்டத்தில், 'உப்பைக் குறைக்கச் சொல்லவும்' என்று எழுதினாள். அழிக்க மனம் வரவில்லை.