காத்துக்காரர்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தவருக்கு முட்டி விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் அசையவில்லை. இன்றைக்கு அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் கீழே இறங்குவதில்லை என்று வைராக்கியம்.

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் "காத்துக்காரர்". மாடியிலிருக்கும் மெஷின் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். உள்ளே மாட்டியிருக்கும் வெள்ளைப் பேப்பரில் அழுக்குப் படியும். காலைச் சாப்பாடு முடிந்ததும் வந்து அதை மாற்றி, கறுத்துப்போனதை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே மாடி, இதே வேலை, எதிரே இதே ஆலையின் புகை.

ஒரு மாதமாகத்தான் இந்த விபரீதம். பேப்பர் வெள்ளை வெளேரென்று வருகிறது. ஆலை கக்குகிற கக்கலில் தெருவில் ஒருத்தராலும் துணி காயப்போட முடியவில்லை. பேப்பர் மட்டும் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது.

மேலதிகாரி நேற்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"ஆலைக்காரனுக்கு விலை போயிட்டீங்களா? நாளைக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னா, அப்புறம் நீங்க வேலைக்கே வர வேண்டாம்."

விலை போகிறவனா நான்! நரம்பு டாக்டரம்மா முகத்தில் விழிக்கவே கூசியது. அந்தம்மா அவரைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

"இந்தத் தெருவுலேர்ந்துதான் மறதி நோய்க்காரங்க நிறைய வர்றாங்க. புகை நெஞ்சோட நிக்கல, மூளை வரைக்கும் போகுதுன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன். உங்க பேப்பர்தான் சார் எனக்குச் சாட்சி. அது இல்லன்னா ரெண்டாவது புகைபோக்கியும் வந்துடும்."

யாரோ கறுப்பை உருவிக்கொண்டு புதுசை மாட்டிவிடுகிறார்கள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பூட்டு உடையவில்லை, சாவியும் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. ஆனால் அவர் அலமாரியிலிருந்த புதுப் பேப்பர்க் கட்டு மளமளவென்று கரைந்துகொண்டிருந்தது. கள்ளச்சாவி போட்டிருப்பான், படுபாவி.

மாடிக் கதவு கிறீச்சிட்டது.

வந்தவன் வாட்ச்மேன். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. நாலா பக்கமும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, நேராக மெஷின் பக்கம் நடந்தான்.

இவர் பாய்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பை விழுந்து பிரிந்தது. உள்ளேயிருந்து கறுப்புப் பேப்பர்களாகச் சிதறின. ஒரு மாதத்துப் புகை மொத்தமும் அவர் காலடியில் கிடந்தது.

"உன்னைக் கூடப்பிறந்தவன் மாதிரி நெனச்சேனேடா! ஆலைக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

"ஐயோ சார், எந்த ஆலைக்காரன்? என் ரூம்ல எலித் தொல்லை. எல்லாத்தையும் கடிச்சு வெச்சிடுமோன்னு பயந்து, உங்களைத் தேடிக்கிட்டு வர்றேன்."

"கதை விடாதே! இதெல்லாம் எப்படி உன் கைக்கு வந்துச்சு? எவன் குடுத்தான், சொல்லு!"

வாட்ச்மேன் ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"தினமும் விடிஞ்சதும் ஒரு தடவை வந்து, இதைக் கழட்டி, பத்திரமா வெச்சிருன்னு எங்கிட்ட குடுக்கிறது நீங்கதானே சார்?"