சிலுவையைக் கழற்ற வந்தவர்கள்

சீனாவின் வென்சோ மலையடிவாரத் தேவாலயத்தின் சிலுவையைக் கழற்ற கிரேனோடு வந்தான் இளம் அரசு அதிகாரி ஷெங். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். யே சிங்லான் என்ற அம்மாள், சாத்திய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரிங்க அத்தை. மேலிடத்து உத்தரவு."

"மேலிடம் உனக்குத்தான் தம்பி. நான் எழுந்திரிக்கிறதா இல்லை."

"வயசான காலத்துல எதுக்கு வம்பு? உங்க சாமியா ஓடி வந்து கிரேனைத் தடுக்கப் போகுது?"

"வராது. அதனாலதான் நான் வந்திருக்கேன்."

மாற்றலாகி வந்த புதிதில் இப்படியொரு பிடிவாதக்கார பக்தையா என்று நொந்துபோன ஷெங், தன் அலுவலக இயக்குநர் டோங்கைப் போனில் அழைத்தான்.

காரிலிருந்து இறங்கிய டோங் திகைத்து நின்றார்.

"மேடம், நீங்களா?" என்றவர் ஷெங்கிடம் திரும்பினார். "நம்ம ஆபீஸ்ல நாத்திகப் பிரசாரப் பிரிவுத் தலைவியா இருந்து ரிட்டையர் ஆனவங்கப்பா. கடவுள் இல்லைன்னு ஊர் ஊராப் பேசினவங்க."

"இப்பவும் இல்லைன்னுதான் சொல்றேன்," என்றார் சிங்லான். "ஆனா வாயால சொன்னேன். யார் கூரை மேலயும் ஏறிச் சொல்லலை. உள்ள இருக்கிற பொம்பளைங்க நான் பேசினதை முழுசாக் கேட்டாங்க, டீ குடுத்தாங்க, மறுபடி ஜெபத்துக்குப் போயிட்டாங்க. பேச்சுல தோத்தது நான். அதுக்கு கிரேனைக் கூட்டிட்டு வர எனக்கு வெக்கமா இருக்கு, டோங்."

கிரேன் ஓட்டுநர் என்ஜினை அணைத்தான்.

உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்கள், இதைக் கேட்டுப் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். சிங்லான் உட்கார்ந்தபடியே கதவைத் தட்டினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."