எந்த ஊரைத் துடைக்க?

சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடி அலுவலகத்தில், சாயங்கால வெயில் மாலினியின் கீபோர்டு மேல் சாய்ந்து கிடக்கிறது. கீழே கண்டக்டர் ஒருவர் "சமயபுரம், சமயபுரம்" என்று கூவுகிறார். இந்த அலுவலகத்தின் சர்வர்களுக்கும் ஊர்ப் பெயர்தான். சோதனைக்குச் சமயபுரம், வாடிக்கையாளர்களின் நிஜக் கணக்குகளுக்கு ஸ்ரீரங்கம். சோதனைக் குப்பையைத் துடைக்க இளவேனில் எழுதிய சின்ன ஸ்கிரிப்டை மாலினி ஓட்டுகிறாள். எந்த ஊர் என்று அது வழக்கம்போலக் கேட்கிறது. ஊர் கேட்காமல் ஒரே தட்டில் துடைத்தால் ஆகாதா, தினமும் இதே ரோதனை என்று முனகிக்கொண்டே, சமயபுரம் என்று முழுசாக அடிக்கிறாள். "நீங்க நிக்கிறது ஸ்ரீரங்கம். எதையும் தொடலை" என்கிறது திரை. காலையில் ஒரு வாடிக்கையாளரின் புகாரைப் பார்க்கத் திரையில் திறந்த ஸ்ரீரங்கம் ஜன்னலை மூட மறந்திருக்கிறாள். விரல்கள் கீபோர்டை விட்டு மெல்ல மேலெழும்பி அந்தரத்தில் நிற்கின்றன. ஆறிப்போன காபியில் ஆடை படிந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் படபடக்கிறது. கண்டக்டர் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறார். அடுத்த மேசையிலிருந்து இளவேனில் எட்டிப் பார்க்கிறாள். "காலையில சொன்னீங்களே அக்கா, அந்த ஊர்க் கேள்விய எடுத்துடவா?" மாலினி கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். "வேணாம்மா. அது பாட்டுக்குக் கேக்கட்டும்."