பாலும் கூடாது

“இன்னையிலிருந்து இந்த வீட்டுக்குள்ள கறி, மீன், முட்டை எதுவும் வரக்கூடாது” என்றாள் மனைவி. “பாலும் கூடாது.”

அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், வாயில் இருந்த காபியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தான்.

“பால் என்ன பாவம் பண்ணுச்சு?”

“பாவம் பண்றது நாமதான். நான் வீகனா மாறிட்டேன்.”

“தாராளமா மாறிக்க. என்னை ஏன் இழுக்கிற?”

“ஒரே வீட்டுல ரெண்டு சமையல் எல்லாம் சரிப்படாது.”

அதோடு விட்டாளா? மறுவாரமே காஸ் அடுப்பு போய்க் கரண்ட் அடுப்பு வந்தது. கேட்டால் பூமி சூடாகிறதாம். பூமியின் சூட்டைத் தணிக்கிற பொறுப்பு தன் வீட்டு அடுப்படிக்கு எப்போது வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் கருவிப் பைக்குள், ஸ்பேனர்களுக்கு நடுவே, ஆறு முட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்தான். வாசலிலேயே மாட்டிக்கொண்டான். முட்டைகள் பக்கத்துக் கட்டட வாட்ச்மேனுக்குப் போய்ச் சேர்ந்தன.

நாக்குக்கு வேண்டுமானால் வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம். அவனுடைய கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். தினமும் முந்நூறு பேருக்குக் கோழி வறுத்த கை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டு அடுப்படிதான் அவளுடைய ராஜ்யம். அதற்கும் சமீபத்தில் சோதனை வந்திருந்தது. கெட்ட மீனைச் சாப்பிட்டு ஒரு தடவை வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. மீன்காரனைத் திட்டித் தீர்த்தான். அடுத்த மாதம் கோழி. இந்தத் தடவை அம்மாவிடமே சொல்லிவிட்டான்.

“உனக்கும் வயசாகுதும்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சமையலுக்கு ஆள் போட்டுடுவேன். நீ அடுப்படிப் பக்கமே வர வேண்டாம்.”

நல்லதுக்குத்தான் சொன்னான். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காயம் ஆறுவதற்குள் இவள் இந்தக் கூத்தை ஆரம்பித்தாள். மாமியாரின் கைப்பக்குவத்தைப் பார்த்துப் பொறாமை, வேறென்ன என்று மெக்கானிக் முடிவு கட்டினான்.

“நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டியாம்மா?”

“அவ இஷ்டம்டா. காய்கறியும் நல்லாத்தானே இருக்கு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள் அம்மா.

பெற்ற வயிறு பொறுத்துக்கொண்டது. பிள்ளை வயிறு எரிந்தது.

ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் மதியம், மனைவி வேலை பார்க்கிற கட்டடத்திலிருந்தே அவனுக்கு அழைப்பு வந்தது. லிஃப்ட் மக்கர் பண்ணுகிறதாம். போய்ச் சரிசெய்துவிட்டுச் சோதித்துப் பார்க்க ஏறினான். நாலாவது மாடிக்கு மூன்று முழம் இருக்கும்போது அது மறுபடி நின்றுகொண்டது. கதவை நெம்பித் திறந்தான். அவனுடைய தலை மட்டும் மாடித் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

எதிரே கேன்டீன். முதல் மேஜையில் மனைவி. அவள் கையில் கோழிக்கால்.

சும்மா கொறிக்கவில்லை, எலும்பைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பால் விட்ட காபி வேறு.

தரையிலிருந்து புருஷன் தலை முளைத்ததைப் பார்த்து அவளுக்குப் புரையேறியது.

மெக்கானிக் ஏறி வந்தான். கிரீஸ் கையோடு எதிரே உட்கார்ந்தான்.

“பாவம் புண்ணியம் எல்லாம் வீட்டுக்கு மட்டும்தானா?”

“மெதுவாப் பேசுங்க.”

“எதுக்கு மெதுவா? என் நாக்கு கிடக்கட்டும். எங்கம்மாவை நினைச்சுப் பார்த்தியா? முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவங்களை உக்கார வெச்சு பீன்ஸ் நறுக்க விட்டியே! இன்னைக்குச் சாயங்காலம் அவங்க முன்னாடியே கேக்கறேன்.”

“ஐயோ, அத்தை முன்னாடி மட்டும் வேண்டாங்க.”

“ஏன், பயமா இருக்கா?”

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“கோழி சாப்பிட்டு எல்லாரும் படுத்தோமே, அதுக்கு மறுவாரம் நான் ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். வாசல்லயே காஸ் வாடை மூக்கைத் துளைக்குது. உள்ளே அத்தை அடுப்புகிட்ட நின்னு தீப்பெட்டியைத் தேடிக்கிட்டிருக்காங்க.”

மெக்கானிக் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“போன வருஷம் காய்ச்சல்ல படுத்தாங்களே, அப்போலேருந்து அவங்களுக்கு வாசனையே தெரியலைங்க. நல்ல மீன், கெட்ட மீன், திரிஞ்ச பால், காஸ், எதுவுமே தெரியலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ‘அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, என்னை அடுப்படியை விட்டே தள்ளிடுவான்’னு.”

“என்கிட்ட நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

ஆள் போட்டிருப்பான். அது அவனுக்கே தெரியும்.

“காய்கறின்னா அழுகினது கண்ணுக்கே தெரிஞ்சுடும். அதனால, மோந்து பார்த்துச் சமைக்க வேண்டியதை எல்லாம் பட்டியல் போட்டேன். கறி, மீன், முட்டை, பால். இதெல்லாம் சாப்பிடாதவங்களுக்கு என்ன பேருன்னு போன்ல தேடிப் பார்த்தேன்” என்றாள் மனைவி. “வீகன்னு வந்துச்சு.”