புங்கங்கன்றும் மூன்று பொறுப்பாளர்களும்

நகராட்சிப் பசுமைப் பிரிவின் கொட்டகையில் மண்வெட்டி, பூவாளி, இரும்புக்கூண்டு மூன்றும் வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. எதிரே, பாலிதீன் பைக்குள் ஒரு புங்கங்கன்று வாடி நின்றது.

"குழி என் பொறுப்பு," என்றது மண்வெட்டி.

"காவல் என் பொறுப்பு," என்றது கூண்டு.

"அண்ணே, எனக்குத் தண்ணீர்?" என்று கேட்டது கன்று.

"ஊற்றுவதுதான் என் வேலை. கொண்டுவருவது குழாயின் வேலை," என்றது பூவாளி.

"குழாய் கூட்டத்துக்கே வரவில்லையே!"

"வரும்போது பேசிக்கொள்ளலாம். இன்னும் நடவே இல்லை, அதற்குள் உனக்குத் தாகமா?"

மண்வெட்டி தெருவோரம் குழி வெட்டியது. கன்று அதில் இறங்கியது. கூண்டு சுற்றி நின்றது. பூவாளி குழாயை எதிர்பார்த்துக் காலியாகவே உட்கார்ந்திருந்தது. வெயிலில் இலைகள் எல்லாம் உதிர்ந்து, கன்று வெறும் குச்சியானது.

அவ்வழியே வந்த வெள்ளாடு கம்பிக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

"பார்த்தீர்களா!" என்று நிமிர்ந்தது கூண்டு. "என் காவலில் ஓர் ஆடாவது வாய் வைத்ததா?"